கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

கல்வராயன் மலையில் ஐப்பசி அடைமழை பிடித்து, கல்படை, பொட்டியம் ஆறுகள் இரண்டு கரையும் புரண்டு இறங்கினால், கச்சிராயபாளையம் கோமுகி அணை மளமளவென்று ஏறிவிடும். அணையின் மட்டம் 46 அடி. மழைக்காலத்தில் 44 அடியோடு நிறுத்தி, மிச்சத்தை ஆற்றில் விடுவது வழக்கம். "நிறையறதுக்குள்ள ஏன் திறக்கிறாங்க?" என்று விவசாயிகள் கோபப்படுவதும் வழக்கம்தான். கோபம் நியாயமானதே. ஆனால் ராத்திரியில் மலையிலிருந்து திடீரென்று வரும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அந்த இரண்டு அடி வேண்டும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் அரித்துக்கொண்டு போய்விடும்.

அணைகளை அபாயம் பார்த்து வகைப்படுத்தும்போது கரையின் பலத்தைப் பார்ப்பதில்லை. உடைந்தால் எத்தனை உயிர், எத்தனை வீடு, எவ்வளவு நிலம் போகும் என்பதுதான் கணக்கு. நேற்றுக் கட்டிய உறுதியான அணையும், கீழே ஊர் இருந்தால், உயர் அபாய வகைதான். கரைக்குக் கீழே நஞ்சையாக இருந்த இடம் மனைப்பிரிவானால், கரையில் ஒரு கூடை மண் மாறாமலே வகை மாறிவிடும். சின்னசேலம் பக்கம் ஏரிக்குக் கீழே மலிவாக மனை கிடைக்கிறது என்று முன்பணம் கொடுப்பவர்கள், பத்திரத்தோடு கலங்கல் எந்தப் பக்கம், கோடி போகும் தண்ணீருக்கு வாய்க்கால் எங்கே என்றும் பார்க்க வேண்டும்.

2021 டிசம்பர் 30 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் நீர் பிடிக்கும் அணைகளும் இதில் அடங்கும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அபாய வகைப்பாடு, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் கட்டாயம். சட்டப்படியான உத்தரவுக்கு இணங்க மறுத்தால் ஓராண்டு வரை சிறை. அதனால் உயிர் போனால் இரண்டாண்டு வரை. சுமார் 56 கோடி கன அடி பிடிக்கும் கோமுகி இதில் வருகிறது. ஊர் ஏரிகள் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் வாசலை ஒட்டி இருப்பது அவைதான்.

2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே என்ற சிறு மண் அணை உடைந்து, பத்தொன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். கசிவைப் பற்றி ஊரார் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். அன்றைய அமைச்சரோ நண்டுகள்மேல் பழி போட்டார். நண்டு வளை கரையைக் கெடுக்கும், உண்மை. வளையை அடைக்கும் வேலை யாருடையது?

நம் ஊரில் அந்த வேலை 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரியென்றால் நீர்வளத்துறையுடையது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. மனுவைச் சரியான இடத்தில் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். கடைசி ஆய்வறிக்கையையும் அவசரகாலத் திட்டத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்குவது பல ஊர்ப் பழக்கம். இது கரையின் கழுத்தைப் பிடிப்பது. கரையின் வெளிச்சரிவில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் தினமும் பாருங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அந்த வாயைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது. தண்ணீர் வேறு இடத்தில் கிளம்பும். சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே மணலும் ஜல்லியும் போட்டால் மண் நிற்கும், தண்ணீர் மட்டும் வெளியேறும். இதையும் அலுவலர் மேற்பார்வையில் செய்வதே நல்லது. அதற்கு முன்பே 1077-ஐ அழைத்து, தாழ்வான தெருக்காரர்களைக் குழந்தை, கிழவர், ஆடுமாட்டோடு மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.