நாலு இட்லிக் கணக்கு

ஓட்டலில் இரண்டு இட்லி நாற்பது ரூபாய் என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். அரிசி என்ன விலை, உளுந்து என்ன விலை, இதற்கா நாற்பது ரூபாய் என்கிற கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிதான். இட்லியின் விலையில் அரிசிக்கும் உளுந்துக்கும் மிகச் சிறிய இடமே உண்டு. மீதியெல்லாம் யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து செய்யும் வேலைக்கும், அந்த வேலை நடக்கும் இடத்துக்கும் போகிறது. காலைச் சாப்பாட்டை வீட்டில் செய்தால் பணம் மிஞ்சுமா என்ற கேள்விக்கு, மிஞ்சும் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். எதனால் மிஞ்சுகிறது, யாருடைய உழைப்பில் மிஞ்சுகிறது, எந்த வேலையைச் செய்தால் கூடுதலாக மிஞ்சுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தப் பதிலால் பயன் உண்டு.

கேள்வி சின்னதல்ல. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நடத்திய 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியாவில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவை சேர்ந்த பிரிவுக்கு மட்டும் 11.09 சதவீதம், அதாவது ஆளுக்கு ஏறத்தாழ 775 ரூபாய் போகிறது. வெளியில் வாங்கும் சமைத்த சாப்பாடும் டீ, காபியும் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. உணவுச் செலவின் பிரிவுகளில் இதுதான் பெரியது. அரிசி, கோதுமைக்கு ஆகும் செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். குடும்ப பட்ஜெட்டில் அரிசி விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. அன்றாடம் பத்து, இருபது, நாற்பதாகக் கரைவதால் கண்ணில் படுவதில்லை.

கணக்கைத் தொடங்குவோம். கீழே வரும் விலைகளெல்லாம் ஒரு நகரத்துக் குடும்பத்துக்குப் பொருந்தக்கூடியவை என்று எடுத்துக்கொண்டவை. உங்கள் தெருக்கடையில் ஐந்து பத்து கூடலாம், குறையலாம். இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 33 ரூபாய், வெந்தயம், உப்பு, கிரைண்டர் ஓடும் மின்சாரம் எல்லாம் சேர்த்து 4 ரூபாய். ஆக 87 ரூபாய். நாலுக்கு ஒன்று என்ற இந்த அளவில் ஆட்டினால் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ மாவு வரும். கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றினாலும் ஐம்பது இட்லிக்குக் குறையாது. ஒரு இட்லி ஒன்றே முக்கால் ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாலு என்றால் பதினாறு இட்லிக்கு 28 ரூபாய். ஆனால் இட்லியை வெறுமனே தின்ன முடியாதே. அரை மூடித் தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய், தாளிப்பு என்று சட்னிக்கு 25 ரூபாய். பருப்பு, காய், புளி, பொடி, எண்ணெய் என்று ஒரு சிறு பாத்திரம் சாம்பாருக்கு 33 ரூபாய். 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்று வைத்தால், இத்தனைக்கும் செலவாகும் நூறு கிராம் கேஸுக்கு 6 ரூபாய். மொத்தம் 92 ரூபாய், தலைக்கு 23.

இந்தக் கணக்கில் ஒன்று கவனிக்க வேண்டியிருக்கிறது. 92 ரூபாயில் இட்லியின் பங்கு 28 மட்டுமே, தொட்டுக்கொள்வதற்கு 58. ஓட்டலில் எதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லையோ, எதை வாளியோடு வந்து கேட்காமலே ஊற்றுகிறார்களோ, அதுதான் வீட்டில் விலை கூடிய சரக்கு. ஓட்டல்காரருக்குக் கட்டுப்படியாவதற்குக் காரணம், நானூறு பேருக்கு வைக்கும் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு ஆகும் செலவும் வேலையும் மிகக் குறைவு என்பதே. நாலு பேருக்கென்று வைக்கும்போது அந்த வசதி நமக்கு இல்லை. ஒருவருக்கென்று வைத்தால் சொல்லவே வேண்டாம்.

இனி ஓட்டல் பக்கம். அதே நாலு நாலு இட்லி, நடுத்தர சைவ ஓட்டலில் ஆளுக்கு 80 ரூபாய், நாலு பேருக்கு 320. ஐந்து சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 336. ஆளுக்கொரு காபி 30 ரூபாய் என்றால் வரியோடு 126. மொத்தம் 462. வீட்டில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்குப் பால், தூள், சர்க்கரை எல்லாம் 12 ரூபாய் என்றால் இட்லியும் காபியுமாக 140 ரூபாயில் முடிகிறது. வித்தியாசம் 322 ரூபாய். இட்லி, காபியோடு யாரும் எழுந்து வருவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். உட்கார்ந்தபின் ஒரு வடை, பிள்ளைக்கு ஒரு நெய் ரோஸ்ட் என்று பில் ஐந்நூறைத் தாண்டிவிடும். வீட்டுக்கே வரவழைத்தால் இன்னும் கதை நீளும். செயலியில் பல கடைகளின் விலை நேரில் போனால் கொடுக்கும் விலையைவிடக் கூடுதல். அதன்மேல் பார்சல் டப்பாவுக்கு, கொண்டுவருவதற்கு, பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று தனித்தனி வரிகள் பில்லில் ஏறும். ஆவி பறக்க வேண்டிய இட்லி அதற்குள் ஆறிப் போயிருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓட்டல்காரர் கொள்ளையடிக்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. கடை வாடகை, மாஸ்டரிலிருந்து மேஜை துடைப்பவர் வரை சம்பளம், 19 கிலோ வணிக சிலிண்டர், மிஞ்சிக் கொட்டும் மாவு எல்லாம் அந்த நாற்பது ரூபாய்க்குள் அடங்கவேண்டும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. 2017 நவம்பரிலிருந்து பெரும்பாலான ஓட்டல்களுக்கு ஜிஎஸ்டி ஐந்து சதவீதம்தான், ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை கிடையாது. கடை வாடகைக்கும் பாத்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் அவர் கட்டும் வரி திரும்பி வராது, அவர் செலவிலேயே நின்றுவிடும். பில்லின் அடியில் தெரிவது ஐந்து சதவீதம். மேலே எழுதிய விலைக்குள்ளும் கொஞ்சம் வரி ஒளிந்திருக்கிறது.

ஆக, வீட்டில் சமைத்து மிச்சப்படுத்தும் 322 ரூபாய் என்பது, ஓட்டலில் கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை நாம் கூலியில்லாமல் செய்வதால் கிடைப்பது. கூலி என்று வந்துவிட்டால் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதுதான் முறை. சட்னி, சாம்பார், இட்லி, காபி, கடைசியில் பாத்திரம் கழுவுவது, மாவாட்டிய வேலையில் ஒருநாள் பங்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 215 ரூபாய், அதுவும் வரி பிடிக்காத வருமானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகிற வழக்கத்தை மாற்றினால் கிடைக்கும் கூலி இது. ஐம்பத்திரண்டு வாரத்துக்குப் பதினாறாயிரத்து எழுநூறு ரூபாய் சொச்சம்.

இதே கேள்வியைத் தெருமுனைத் தள்ளுவண்டிக்கு எதிராகக் கேட்டால் விடை வேறு. கையேந்தி பவனில் இட்லி பத்து ரூபாய் என்றால் பதினாறுக்கு 160, வீட்டில் 92. வித்தியாசம் 68 ரூபாய். காபியை விட்டுவிட்டால் வேலை ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மணிக்கு ஐம்பது ரூபாய் தேறுகிறது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் தினக்கூலி 336 ரூபாய், எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் 42. வார நாளில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் அந்த ஐம்பது ரூபாய்க்காக ஒருவர் ஐந்து மணிக்கு எழுவது அவ்வளவு பெரிய சிக்கனம் இல்லை. அம்மா உணவகத்தோடு போட்டி போடவே முடியாது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியபோது வைத்த ஒரு ரூபாய் இட்லியின் விலை அப்படியே இருக்கிறது. மீதியை மாநகராட்சி ஏற்கிறது.

எல்லா வேலைக்கும் ஒரே கூலி கிடைப்பதில்லை என்பது அடுத்த செய்தி. வீட்டில் செய்வதுதான் சிக்கனம் என்றதும் நினைவுக்கு வருவது மாவாட்டுவது. கணக்கில் பார்த்தால் அதில்தான் லாபம் குறைவு. பேட்டையில் கிலோ 45 ரூபாய்க்கு விற்கும் மாவை இரண்டே முக்கால் கிலோ வாங்கினால் 124 ரூபாய். வீட்டில் ஆட்டினால் 87. ஊறவைத்து, களைந்து, தள்ளிவிட்டு, வழித்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை முக்கால் மணி நேரம் கையோடு வேலை. மிஞ்சுவது 37 ரூபாய். பெயர்போன கம்பெனி மாவு கிலோ 85 ரூபாய் என்றால் மட்டும் வித்தியாசம் 147 ஆக உயரும். ரேஷன் புழுங்கல் அரிசியில் ஆட்டும் வீடுகளுக்குக் கணக்கே வேறு. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம் என்பதால், உளுந்துக்கு ஆகும் செலவோடு மாவு முடிந்துவிடுகிறது. அதே 2011இல் அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியதால் இயந்திரத்துக்கும் பல வீடுகளில் முதல் போட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் தெருக்கடை மாவை வாங்குவதில் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. சேமிப்பின் பெரும்பகுதி அப்போதும் கையில் நிற்கிறது. மாறாக, காபி. ஐந்து நிமிட வேலைக்கு டம்ளருக்குப் பதினெட்டு ரூபாய் மிஞ்சும். நிமிடத்துக்கு இவ்வளவு கொடுக்கும் வேலை சமையலறையில் வேறு இல்லை. உப்புமாவும் அப்படித்தான். நானூறு கிராம் ரவை, வெங்காயம், எண்ணெய், தாளிப்பு என்று ஐம்பது ரூபாயில் நாலு பேருக்கு இருபத்தைந்து நிமிடத்தில் ஆகிவிடும். முகத்தைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலுமாகத் தட்டில் வைத்ததற்கு, ஒரே அண்டாவில் சீக்கிரம் ஆகும் என்பதும் ஒரு காரணமாக இருக்கவேண்டும்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும், எழத்தான் வேண்டும். ‘நாம் மிச்சப்படுத்துகிறோம்’ என்று சொல்லும் வாக்கியத்தில் அந்த ‘நாம்’ யார்? 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் என்பது பல வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறைக் காலை. அதை நிறுத்திவிட்டு 322 ரூபாய் சேமித்தோம் என்று வீட்டுக்காரர் கணக்கெழுதினால், அது சேமிப்பு ஆகாது. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாற்றிய பணம். இந்த ஆட்சேபத்துக்கு முழுமையான மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேர வேலையைத் தேங்காய் துருவுவது ஒருவர், காய் நறுக்குவது ஒருவர், பாத்திரம் ஒருவர் என்று பிரித்தால், தலைக்கு அரை மணி நேரம்தான் வரும். பிரிக்காத வீட்டில் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது.

தனியாக இருப்பவர்களின் ஆட்சேபம் வேறு வகை. திருவல்லிக்கேணி மேன்சன் அறையிலோ வேலை நிமித்தம் வந்த ஊரில் ஒற்றை அறையிலோ இருப்பவர் ஒரு மூடித் தேங்காயை என்ன செய்வார்? சட்னி, சாம்பார் என்று இறங்கினால் பாதி வீணாகும்; தள்ளுவண்டியே மலிவு. அவருக்கு வழி பொடி. ஒரு கிலோ மாவை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் புளிப்பு மட்டுப்பட்டு நாலைந்து நாள் வரும். நாலு இட்லிக்கு மாவு பத்து ரூபாய், கேஸ் நாலு, இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் ஐந்து. பத்தொன்பது ரூபாயில் முடியும். நாலு நாளில் நாலு விதமாகத் தோசை, ஊத்தப்பம் என்று மாற்றிக்கொள்ளலாம். குளிர்பெட்டி இல்லையென்றால் இந்த யோசனையை மறந்துவிடுவது நல்லது. இரண்டாம் நாளே மாவு பொங்கிப் புளித்துவிடும்.

ஓட்டல் ருசி வீட்டில் வராது என்பாரும் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ருசிக்காகப் போகிறவர் ருசிக்கு விலை கொடுக்கிறார், அதில் தகராறில்லை. இங்கே பேசுவது பசிக்காகவும் பழக்கத்துக்காகவும் போகிற காலைகளைப் பற்றி.

கடைசியாக அந்தப் பத்து ரூபாய் இட்லி. நடுத்தர ஓட்டலில் இருபது ரூபாயாகும் ஒரு இட்லியைத் தள்ளுவண்டி எப்படிப் பாதி விலைக்குக் கொடுக்கிறது? நடைபாதைக்குக் கடை வாடகை இல்லை என்பது பாதி விடை. மறு பாதி, அந்த வண்டியின் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. மனைவி மூன்றரைக்கு எழுந்து சட்னி அரைக்கிறார், கணவர் தண்ணீர் சுமக்கிறார், பள்ளிக்குப் போகுமுன் பிள்ளை தட்டில் வைக்கும் பிளாஸ்டிக் தாளை வெட்டிக் கொடுக்கிறது. இவர்களில் யாருக்கும் சம்பளம் எழுதப்படுவதில்லை. நம் வீட்டு இட்லியை மலிவாக்கிய அதே கூலியில்லா வேலைதான் அந்த இட்லியையும் மலிவாக்குகிறது. அவர்கள் அதை நானூறு இட்லிக்குச் செய்கிறார்கள், நாம் பதினாறுக்குச் செய்கிறோம்.