ஆட மறுக்கும் உரிமை: கால்பந்து ஒப்பந்தமும் எறையூர்க் கரும்பும்

கால்பந்து வீரர்கள் ஊதியத்துக்காகக் குரல் எழுப்பும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: இலட்சங்களிலும் கோடிகளிலும் சம்பளம் பெறுவோருக்குப் போராட்டம் எதற்கு? தலித் உரிமைக் களத்தில் நிற்கும் தோழர்களே இதைக் கேட்கிறார்கள். மலக்குழி மரணங்களுக்கும் கூலிப் பாக்கிக்கும் நீதிமன்றப் படியேறும் நாம் பந்து ஆடுவோரின் ஒப்பந்தத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்ற ஐயம் நியாயமானதே. நல்ல விதிமுறை கிடைக்கும்வரை கையெழுத்திட மறுத்து, உழைப்பைத் தராமல் நிற்பது உழைப்பவரின் பழைய ஆயுதம். அந்த ஆயுதம் எவரிடம் உண்டு, எவரிடம் இல்லை, எந்தச் சட்டம் அதைத் தந்தது என்பதைக் கால்பந்தின் வரலாறு மிகத் துலக்கமாகக் காட்டுகிறது. ஆகவே இக்கட்டுரை.

அண்மை நிகழ்விலிருந்து தொடங்குவோம். இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவுக்கு வந்தது. அடுத்து என்ன என்பது தெளிவாகாத நிலையில், 2025 ஜூலை 11 அன்றே அந்த நிறுவனம் லீக்கை நிறுத்திவைத்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்.சி. முதல்நிலை அணி வீரர்கள், பணியாளர்களின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. நவம்பரில் லீக்கின் வணிக உரிமைக்குக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவர்கூட முன்வரவில்லை. 2026 ஜனவரித் தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சாந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்டோர் காணொளி வாயிலாக ஃபிஃபாவின் தலையீட்டைக் கோரினர். பிப்ரவரி 14 முதல் 14 அணிகளுடன் லீக் தொடங்கும் என்று ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவித்தது அதன் பின்னரே. கூடவே ஊதியக் குறைப்புப் பேச்சும் வந்தது.

இந்த ஏழு மாதங்களில் உழைப்பைத் தர மறுத்தவர்கள் வீரர்கள் அல்லர். அவர்கள் ஆட வேண்டும் என்றுதான் கேட்டனர். ஆலை முதலாளி வாயிற்கதவைச் சாத்தினால் தொழிற்சங்க மொழியில் அதற்குக் கதவடைப்பு என்று பெயர். எந்த மன்றமும் இதைக் கதவடைப்பு என்று தீர்ப்பளிக்கவில்லை; கிளப்புகளுக்கும் வருவாய் எங்கிருந்து வரும் என்ற உண்மையான சிக்கல் இருந்தது. ஆனால் வீரருக்கு நேர்ந்த விளைவு அதுதான்: ஒப்பந்தம் கட்டுகிறது, சம்பளம் வரவில்லை, இருபத்தெட்டு வயதில் கழியும் ஓராண்டு திரும்பி வராது.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிவைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் கால்பந்தின் பொதுவிதியாக இருந்தது. இங்கிலாந்தில் வீரரின் ஒப்பந்தம் காலாவதியானாலும் அவரது பதிவு கிளப்பிடமே இருக்கும். கிளப் அவரை விடுவிக்கவும் தேவையில்லை, ஊதியம் கொடுக்கவும் தேவையில்லை. வேறு அணிக்கும் அவர் ஆட முடியாது. வார ஊதியத்துக்கு 20 பவுண்டு என்ற உச்சவரம்பும் இருந்தது. 1960இல் நியூகாசில் அணியின் ஜார்ஜ் ஈஸ்தம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். கிளப் விடவில்லை. அவர் ஊரைவிட்டு வெளியேறி வேறு வேலை பார்த்துப் பிழைத்தார். சில மாதங்களில் கிளப் இறங்கிவந்து அவரை ஆர்சனல் அணிக்கு விற்றது. ஈஸ்தம் வழக்கை விடவில்லை. செலவை வீரர் சங்கம் ஏற்றது. அந்த ஏற்பாடு தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். ஜிம்மி ஹில் தலைமையிலான சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்ததன் பின் 1961 ஜனவரியிலேயே ஊதிய உச்சவரம்பு ஒழிந்திருந்தது. பெல்ஜியத்தில், பழைய சம்பளத்தின் நான்கில் ஒரு பங்குக்குப் புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்ட ஜான்-மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு மாற்றுத்தொகை கேட்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று கூறியது. இன்று கோடிகளில் பேரம் பேசும் வீரர்கள் இந்த இரு வழக்குகளின் மேல்தான் நிற்கிறார்கள்.

இதைப் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சொன்னால் எவருக்கும் புதிதாகத் தோன்றாது. அங்குள்ள பொதுத்துறைச் சர்க்கரை ஆலையைச் சுற்றிக் கரும்பு பயிரிடுவோர் இதையொத்த விதிக்குள் வாழ்கிறார்கள். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, ஒரு வட்டாரத்தின் கரும்பை ஒரு குறிப்பிட்ட ஆலைக்கு ஒதுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒதுக்கியபின் விவசாயி வேறு ஆலையைத் தேட வழியில்லை. ஆலை வெட்டு உத்தரவு தரும்வரை கரும்பு வயலில் நிற்கும். நிற்க நிற்க எடையும் சாறும் குறையும். காத்திருந்தால் நட்டம் தனக்கே என்ற நிலையில் இருப்பவர் விலை பேச முடியாது. வேறுபாடு ஒன்று உண்டு. அதே ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்றும் சொல்கிறது. தாளில் உள்ள இந்த வட்டியைக் கேட்டுப் பெறவும் சங்கம் வேண்டியிருக்கிறது என்பது தனிக்கதை. அந்த வயலில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வெட்டுக்கு வரும் கூலிகளுக்கு, அவர்களுள் நம் மக்களே மிகுதி, வேலையை விட்டுப் போகும் வாய்ப்பு விவசாயிக்கு இருப்பதைவிடவும் குறைவு. முன்பணம் கழியும்வரை அவர் வேறெங்கும் போக முடியாதெனில், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரும்.

மறுத்து நிற்பதன் இந்திய வரலாற்றைத் தேடினால், நம் முன்னோர் ஒருவரின் குடும்பம் எதிர்ப்படுகிறது. ஆட்டம் கிரிக்கெட். பல்வங்கர் பாலு, தீண்டாமைக்கு உள்ளான சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் கொடுத்தனர். இந்து அணியின் தலைமை அவருக்குத் தொடர்ந்து மறுக்கப்பட்டது. 1920இல் பம்பாய் நாற்கோணப் போட்டியில் அவர் அணியிலிருந்தும் விடப்பட்டபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினர். தேர்வாளர்கள் பணிந்தனர்: பாலு துணைத்தலைவராகத் திரும்ப, தம்பியரும் வந்தனர். மூன்றாண்டு கழித்து விட்டலே அணித்தலைவரானார். பாலு 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றதை நாம் மறக்கவில்லை. அதற்காக 1920ஐ மறந்துவிடவும் வேண்டியதில்லை. விட்டலும் சிவராமும் இல்லாமல் அந்த அணி வலுவிழக்கும் என்பது தேர்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. திறமையோடு ஒற்றுமையும் சேர்ந்ததால்தான் அந்த மறுப்பு பலித்தது.

இன்றைய இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. 2006இல் ஜாகீர்கான் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டுப்படுத்த முயன்ற விளம்பர முகமை நிறுவனத்தின் விதி இப்பிரிவின்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது விலகுவது வேறு. 2024இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்ற அன்வர் அலிக்குக் கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழு நான்கு மாதத் தடையும், அவரும் தொடர்புடைய கிளப்புகளும் சேர்ந்து 12.9 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ஆணையும் விதித்தது. காரணங்கள் தரப்படாத அந்த ஆணை டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. புதிதாக விசாரிக்க வேண்டியதாயிற்று. காரணம் சொல்லாமல் தண்டிக்க விளையாட்டுக் கூட்டமைப்புக்கும் உரிமை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊதியம் தராத கிளப்பை விட்டு விலகவும் வழி உண்டு. ஃபிஃபா விதிமுறைகளில் 2018இல் சேர்ந்த பிரிவின்படி, இரண்டு மாத ஊதியம் உரிய நாளில் வராவிட்டால், குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, அதன் பின்னும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அது நியாயமான காரணமாகக் கருதப்படும். வெளிநாட்டு வீரர்களின் வழக்குகள் ஃபிஃபாவிடம் போகின்றன. உள்நாட்டு வீரருக்குக் கூட்டமைப்பின் குழுவே மன்றம். இதற்கு அப்பால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. பாக்கியைக் கோர மூன்றாண்டு அவகாசம் தருகிறது. அதில் பணியாளர் என்பதற்கான வரையறை விரிவானது. கால்பந்து வீரரை அது விலக்கவில்லை என்று வாதிடலாம், வாதிட வேண்டும் என்பது எம் கருத்து. உடன் வந்த தொழிலுறவுத் தொகுப்பு வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்ப்பதில் நாமும் சேர்ந்தே நிற்கிறோம்.

சேத்ரிக்கு ஃபிஃபாவிடம் பேச முகம் இருக்கிறது. வியாசர்பாடித் திடலில் ஆடி இரண்டாம், மூன்றாம் நிலை அணிக்குப் போகும் இளைஞருக்கு அது இல்லை. மகளிர் நிலை இன்னும் கீழே. முதல்நிலை மகளிர் லீக் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல்தான் கூட்டமைப்பு முடிவெடுத்தது. மாதக் கணக்கில் 27,000 ரூபாய்க்கும் குறைவு. ஸ்பெயினில் அதே 2023 செப்டம்பரில் மகளிர் லீக் வீராங்கனைகள் முதல் சுற்று ஆட்டங்களைப் புறக்கணித்து, 16,000 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 21,000 ஆக உயர்த்தினர். அங்கே பேசியவை சங்கங்கள். இங்கேயும் இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் 2006 முதல் இருக்கிறது. கீழ்நிலை அணிகளின் வீரர்கள் அதில் சேர்ந்தால்தான் அதற்கு எண்ணிக்கை பலம் வரும்.

சட்ட மாணவர்கள் 1982ஆம் ஆண்டின் ஆசியாட் தொழிலாளர் தீர்ப்பைப் படித்திருப்பார்கள். டெல்லியில் ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானங்களை எழுப்பிய தொழிலாளர்களுக்கு உரிய கூலி தரப்படாததால் எழுந்த வழக்கு அது. வறுமையின் நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய நேர்வதும் அரசியலமைப்பின் 23ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறியது. திடலைக் கட்டியவருக்குப் பொருந்திய அந்த வாதம், செலவுப்பணம் மட்டும் பெற்றுக்கொண்டு பருவம் முழுதும் ஆடும் இளைஞருக்கும் பொருந்துமா என்பதை எவரேனும் ஒரு ரிட் மனுவில் கேட்டுப்பார்க்க வேண்டும்.

அதுவரை, ஊரில் ஆடும் தம்பி தங்கையர்க்கு நாம் சொல்வது: கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை அன்றே வாங்குங்கள். ஒப்பந்தம் முடியும் நாளையும், அதன் பின் உங்களை நிறுத்திவைக்கும் விதி ஏதும் உள்ளதா என்பதையும் பாருங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரை மூன்றாண்டுக்கு மேல் கட்டும் ஒப்பந்தத்தை ஃபிஃபா ஏற்பதில்லை. ஊதியம் வங்கிக் கணக்கில் வரட்டும். தவணை தவறினால் வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டாம். தேதியிட்ட கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அணியில் இன்னும் பத்துப் பேருக்குப் பாக்கி இருந்தால் பத்துக் கடிதங்களும் ஒரே நாளில் போகட்டும்.