மண்ணுக்குள் போகும் சேம்பர் மூடி

வீட்டுத் தோட்டத்தில் மண் கொட்டித் தரையை உயர்த்தும்போது முதலில் மறைந்துபோவது கழிவுநீர் சேம்பரின் மூடிதான். பார்வைக்கு அழகில்லாத பொருள் என்பதால் அது புதைவதைப் பலர் நல்லதென்றே எண்ணுகிறார்கள். மேலே புல் வளர்கிறது, பேவர் பிளாக் பதிக்கப்படுகிறது, சில ஆண்டுகளில் மூடி எங்கே இருந்தது என்பதே வீட்டாருக்கு மறந்துவிடுகிறது. அடுத்த அடைப்பு வரும் நாளில் இது வீட்டின் உடல்நலப் பிரச்சினையாக மாறுகிறது.

தரை உயர்வதன் காரணம்

சென்னை போன்ற நகரங்களில் தோட்டத்தை உயர்த்துவது பெரும்பாலும் விருப்பத்தால் அல்ல, கட்டாயத்தால். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்கு முன்பே தாழ்ந்துவிட்ட வாசல்களுக்கு அந்த உத்தரவால் மீட்சி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கழிவுநீர் கலந்த மழைநீர் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள், சவுடு மண்ணோ கிராவலோ கொட்டி முற்றத்தை ஓரிரு அடி உயர்த்துகிறார்கள்.

சேம்பரின் வேலை

கழிவறை, குளியலறை, சமையலறைக் குழாய்கள் ஒன்று சேரும் இடத்திலும் குழாய் திரும்பும் இடத்திலும் சேம்பர் கட்டப்படுகிறது. அடைப்பு ஏற்பட்டால் அங்கிருந்துதான் கம்பி விட்டு எடுக்க முடியும். இது எல்லோரும் அறிந்தது. அதன் இரண்டாவது வேலை அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. தெருவில் உள்ள பெருங்குழாய் அடைத்துக் கழிவுநீர் பின்னோக்கி ஏறும்போது, அது இருப்பதிலேயே தாழ்வான திறப்பின் வழியாகத்தான் வெளியேறும். சேம்பர் மூடி வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருக்கும்வரை, கழிவுநீர் முற்றத்தில் பொங்கி நின்றுவிடும். அருவருப்பான காட்சிதான், ஆனால் வீட்டுக்குள் இருப்பவர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு அதுவே.

மூடி உயர்ந்து, குளியலறைத் தரை தாழ்ந்துவிட்டால் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. பின்னேறும் கழிவுநீர் குளியலறைத் தரையின் சல்லடை வழியாகவும் கழிவறைக் கோப்பை வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது. மூடியை மண்ணுக்குள் புதைத்து மேலே சிமெண்ட் போட்டுவிட்டாலும் இதே கதிதான். அழுத்தம் வெளியேற முற்றத்தில் வழி இல்லாமல் போகிறது. ஆகவே மண் லாரிக்குச் சொல்லும் முன் எடுக்க வேண்டிய முதல் அளவு, குளியலறைத் தரைக்கும் சேம்பர் மூடிக்கும் இடையிலான உயர வேறுபாடு. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் ஒன்றே இதற்குப் போதும். மூடியை உயர்த்திய பிறகும் அது வீட்டின் மிகத் தாழ்ந்த தரைச் சல்லடைக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி அமையாது என்றால் தோட்டத்தை அந்த அளவுக்கு உயர்த்தாமல் விடுவதே நல்லது. வேறு வழியே இல்லாத வீடுகளில், வெளியேறும் குழாயில் கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பொருத்தலாம். அதையும் அவ்வப்போது திறந்து சுத்தம் செய்யாவிட்டால் பயனில்லை.

புதைந்த மூடியால் வரும் நோய்கள்

மண்ணின் எடையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஈரமான மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 முதல் 2 டன் வரை இருக்கும். இரண்டடி மண் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஒரு டன்னுக்கு மேல் சுமை ஏறுகிறது. ஆள் நடப்பதற்கென்று செய்த மெல்லிய மூடி இதைத் தாங்காமல் விரிசல் விடும். விரிசல் வழியே மண் உள்ளே இறங்கிக் குழாயை அடைக்கும், கழிவுநீர் வெளியே கசியும். கசிவு கண்ணுக்குத் தெரியாது. செடிகள் அந்த இடத்தில் மட்டும் செழிப்பாக இருப்பதுகூட ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

அந்த மண்ணில் வெறுங்கையோடு களை பிடுங்குபவர்களும் விளையாடும் குழந்தைகளும் குடற்புழு முட்டைகளோடும் வயிற்றுப்போக்குக் கிருமிகளோடும் தொடர்பு கொள்கிறார்கள். எலிகள் உடைந்த சேம்பருக்குள் எளிதாகக் குடியேறும். அவற்றின் சிறுநீர் கலந்த ஈரம் தோல் வெடிப்பு வழியாக உடலுக்குள் சென்று எலிக்காய்ச்சலை உண்டாக்கும். கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவத்தல் ஆகியவை தொடர்பு ஏற்பட்ட 2 முதல் 30 நாட்களுக்குள் தோன்றலாம். கழிவுநீரில் இறங்க நேர்ந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் என்றே கருதப்படக்கூடும்.

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குநீர்தான் பிடித்த இடம். மூடியோரத்தில் விரலளவு இடைவெளி இருந்தாலே அது செப்டிக் டேங்கில் பெருகிவிடும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுவது செலவே இல்லாத தடுப்பு.

சம்ப் தொட்டியின் ஆபத்து

தமிழ்நாட்டு நகர வீடுகளில் சேம்பர் இருக்கும் அதே முற்றத்தில்தான் குடிநீர் சம்ப் தொட்டியும் இருக்கிறது. முற்றத்தை உயர்த்துபவர்கள் சம்ப் வாயை உயர்த்த மறந்துவிட்டால் அது பள்ளமாகிவிடும். ஒரு மழையில் முற்றத்து நீரும் சேம்பர் கசிவும் நேரே குடிநீரில் இறங்கும். டைபாய்டு, காலரா, ஏ மற்றும் ஈ வகை மஞ்சள் காமாலை ஆகியவை பரவும் வழி இது. காமாலை வெளிப்பட இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம் என்பதால், கண் மஞ்சளாகும் நேரத்தில் முற்றம் தேங்கிய நாளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஈ வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது.

சம்ப் வாய், புதுத் தரைமட்டத்துக்கு மேல் அரையடியாவது எழும்பி நிற்க வேண்டும். அழுக்கு நீர் இறங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் தொட்டியை முழுதும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பிக் குளோரின் இட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். அதுவரை காய்ச்சிய நீரே குடிக்க ஏற்றது.

மூடியைத் திறக்கும்போது

சேம்பரை உயர்த்த அதைத் திறந்தாக வேண்டும். செப்டிக் டேங்கிலும் ஆழமான மேன்ஹோலிலும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வாயுக்கள் தங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் தெரியும். 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500 பங்கைத் தாண்டினால் மனிதர் மயங்கி விழுவார். நாற்றம் இல்லை, உள்ளே இறங்கலாம் என்ற நினைப்பு அதனால்தான் உயிரைக் குடிக்கிறது. சேற்றைக் கிளறும்போது அடங்கியிருந்த வாயு ஒரேயடியாக வெளிவரும்.

மூடியைத் திறந்ததும் விலகி நின்று காற்றோட விட வேண்டும். பீடி, தீக்குச்சி, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. எவரையும் உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இத்தகைய மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கழிவகற்றும் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் மூடி இருந்தால் ஆள் இறங்கும் தேவையே எழாது. ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிப்பவரும் இறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. வெளியே நின்றபடியே தீயணைப்புத் துறையையும் 108ஐயும் அழைப்பது ஒன்றே செய்யக்கூடியது.

உயர்த்திக் கட்டும் முறை

பழைய மூடியையும் சட்டத்தையும் எடுத்துவிட்டு, குழாய்க்குள் சிமெண்டும் கல்லும் விழாதபடி வாயைச் சாக்குத் துணியால் அடைத்துக்கொண்டு, சுவரைச் செங்கல்லால் உயர்த்த வேண்டும். உள்ளும் புறமும் பூச்சு அவசியம். வெறுஞ்செங்கல் சுவர் கசியும், வேரும் நுழையும். வேலை முடிந்ததும் அடைத்த துணியை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

ஆழம் ஒரு மீட்டருக்குள் இருந்தால் ஒன்றரை அடிச் சதுரச் சேம்பர் போதும், மேலிருந்தே கம்பி விடலாம். அதைவிட ஆழமானால் குறுகிய சேம்பரில் கை எட்டாது, யாராவது உள்ளே இறங்கத் துணிவார்கள். பிரிட்டனின் கட்டட விதிகள், 1.2 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பிளாஸ்டிக் சேம்பரின் திறப்பை 35 சென்டிமீட்டருக்குள் சுருக்கச் சொல்கின்றன, ஆள் நுழையவே முடியாதபடி.

மூடி தோட்டத் தரையைவிட ஓரிரு அங்குலம் எழும்பி இருந்தால் மழைநீர் உள்ளே போகாது. கார் ஏறும் இடமென்றால் அதற்குரிய எடை தாங்கும் மூடி வேண்டும். இந்திய மூடிகளில் 2.5, 10, 20, 35 டன் என்ற தாங்குதிறன் குறிக்கப்பட்டிருக்கும். மழைநீரைச் சேம்பருக்குள் திருப்பிவிடும் வழக்கம் அறவே கூடாது, பெருமழையில் தெருக்குழாய் நிரம்பிக் கழிவு பின்னேறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சுவரையொட்டிக் கொட்டும் மண் பேஸ்மட்டத்துக்கு அரையடி கீழேயே நிற்க வேண்டும். மேலே போனால் சுவர் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை கூடும். சேம்பரைச் சுற்றி அரளி, செம்பருத்தி, முருங்கை எதையும் ஊன்றாமல் புல்லோ சிறு பூச்செடியோ வைக்கலாம். மூடி கண்ணை உறுத்தினால் எளிதில் நகர்த்தக்கூடிய பூந்தொட்டி ஒன்றை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம்.