சளி சொல்லும் சேதி

சளி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மூச்சுக் குழல்களுக்குள் நடப்பதை வெளியே கொண்டுவரும் சாட்சி அது.

ஆஸ்துமாக்காரர் ஒருவரும், பல்லாண்டு புகைபிடித்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளானவர் ஒருவரும் ஒரே மாதிரி இளைக்கலாம். ஊதச் சொல்லி அளக்கும் கருவி, குழல் ஒடுங்கியிருப்பதைக் காட்டும். எந்த வெள்ளணு அங்கே குடிபுகுந்திருக்கிறது என்பதைக் காட்டாது.

1872-இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன், ஆஸ்துமாக்காரர்களின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது இருமுனையும் கூரான, நிறமற்ற படிகங்களைக் கண்டார். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1853-இலேயே இத்தகையவற்றை விவரித்திருந்ததால் 'ஷார்கோ-லைடன் படிகங்கள்' என்று பெயர் வந்தது. உப்பும் கற்கண்டும் படிகமாவதை நாம் அறிவோம். உடலுக்குள்ளேயே ஒரு புரதம் படிகமாவது அபூர்வம். (புரதத்தைப் படிகமாக்க ஆய்வுக்கூடத்தில் தவம் கிடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்!) அந்தப் புரதம் கலெக்டின்-10; இயோசினோபில் என்னும் வெள்ளணு சிதையும்போது வெளிப்படுவது. இப்படிகங்கள் வெறும் குப்பையல்ல, தாமே அழற்சியைத் தூண்டுபவை என்று 2019-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர்.

பச்சைச் சளியின் நிறம் கிருமியின் நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று. நியூட்ரோபில் என்னும் மற்றொரு வெள்ளணுவின் மயலோபெராக்சிடேஸ் என்ற புரதமே காரணம். இரத்தச் சிவப்பைப் போல இதிலும் இரும்புதான் இருக்கிறது. சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பு வேறாதலால் அது கவரும் ஒளியும் வேறு. அதே வெள்ளணு தரும் எலாஸ்டேஸ், நுரையீரலின் மீள்தன்மையுள்ள நார்களை அறுத்துவிடும்.

இதையெல்லாம் அறிந்து என்ன பயன்? ஸ்டீராய்டு மருந்து இயோசினோபில் மிகுந்தவர்களுக்கு நன்கு பலிக்கும். நியூட்ரோபில் மிகுந்தவர்களுக்கு அவ்வளவு பலிக்காது. இங்கிலாந்தின் லெஸ்டரில் 74 ஆஸ்துமா நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 109 கடும் தாக்குதல்கள். சளியின் இயோசினோபில் அளவைப் பார்த்து மருந்து தரப்பட்டவர்களுக்கு 35. இது 2002-இல் வெளிவந்த முடிவு.

அங்கே எண்ணியது அணுக்களை. அதற்குத் தேர்ந்த கண்ணும் நேரமும் வேண்டும். அவற்றின் புரதத்தையே அளந்துவிட்டால் வேலை எளிதாகுமே என்று தோன்றும். ஆனால் சளி ஒரு கூழ். அதன் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. அதை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருள், அளக்கவேண்டிய புரதத்தின் கந்தகப் பிணைப்பையும் வெட்டிவிடக்கூடும். எச்சில் எவ்வளவு கலந்தது என்பது இன்னொரு தொல்லை. அதனால்தான் இன்றும் பல மருத்துவமனைகள் இரத்தத்திலுள்ள இயோசினோபிலை எண்ணியே முடிவு செய்கின்றன. சளிப் புரதங்களுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூட மேசையில்தான் இருக்கின்றன.