நெட் விட்டு விட்டு வருகிறதா? தவறு எந்தப் பக்கம் எனப் பாருங்கள்

திருச்சியில் இருக்கும் என் தங்கைக்காக, மதர்போர்டு முதல் கேபினட் வரை தனித்தனியாக வாங்கி, நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பின் இன்டர்நெட் இணைப்பு திடீரென்று அறுந்து, சில விநாடிகளில் தானே வரத் தொடங்கியது. வீடியோ மூலம் நடந்த அவளது முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வு இதனால் பாதியில் நின்றது. அடுத்த திங்களன்று மீண்டும் ஒரு வாய்ப்பு தந்தார்கள். சனிக்கிழமை காலை நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் நான் செய்தது தவறு. நெட்வொர்க் டிரைவரை மாற்றினேன். ரௌட்டரை ரீசெட் செய்தேன். விண்டோஸை அப்டேட் செய்தேன். எல்லாம் ஒரே மூச்சில். ஒரு மணி நேரம் ஒழுங்காக இருந்து, மீண்டும் அறுந்தது. எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று சொல்ல முடியவில்லை. எனவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதற்கும் முன்னால், தவறு கம்ப்யூட்டர் பக்கமா, வெளியே இருந்து வரும் லைன் பக்கமா என்று பிரித்துப் பாருங்கள். அதற்கான வழிகள் இதோ.

1. இணைப்பு அறுந்தவுடன், அதே ரௌட்டரின் வை-பியில் உள்ள மொபைல் போனில் ஓர் இணைய தளத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை முதலில் நிறுத்திவிடவும். போனில் தளம் திறந்தால் வெளி லைனில் பிரச்னை இல்லை.

2. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்பிக் என்று இடைவெளி இன்றி ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். டிபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே உள்ள எண்தான் உங்கள் ரௌட்டரின் முகவரி. எங்கள் வீட்டில் அது 192.168.1.1.

3. இப்போது பிங் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். மீண்டும் இடைவெளி விட்டு, சிறு கோடும் டி என்ற எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். ரௌட்டரிடமிருந்து பதில்கள் வரிவரியாக வந்து கொண்டே இருக்கும். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் இதையே செய்யுங்கள். நிறுத்த, கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தவும்.

இணைப்பு அறும்போது கூகுள் மட்டும் பதில் தராமல், ரௌட்டர் தந்தால், ரௌட்டருக்கு அப்பால்தான் பிரச்னை. இணைப்பு தரும் நிறுவனத்தை அழையுங்கள். இரண்டுமே நின்றால், கம்ப்யூட்டருக்கும் ரௌட்டருக்கும் இடையே தேட வேண்டும். எங்களுக்கு இரண்டுமே நின்றன.

இடையே இருப்பவை நெட்வொர்க் கார்டு, கேபிள், ரௌட்டரின் போர்ட் ஆகியவைதான். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பிராப்பர்ட்டீஸ் சென்று, பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரத்தை மிச்சப்படுத்த கார்டை நிறுத்த அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எல்லா கார்டிலும் இந்த டேப் இருக்காது. எங்களுக்கு இதில் பலன் இல்லை.

விண்டோஸ் 11 செட்டிங்ஸில், ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீட் பார்த்தேன். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 இருந்தது. கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பிகளும் வேலை செய்தால்தான் 1000 வரும். 100க்கு நான்கு போதும். (உங்கள் ரௌட்டரே 100 வேகம் கொண்டதென்றால் 100தான் காட்டும்.) எனவே கேபிள் மீது சந்தேகம் வந்தது.

இணைப்பு அறுந்த நேரங்களைத் தங்கை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்துக் கொண்டிருந்தவள், "அண்ணா, இதெல்லாம் அம்மா காபி கொண்டு வந்த நேரம்" என்றாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பிங் நின்றது! ஹாலில் இருந்து அறைக்கு வரும் கேபிளைக் கதவின் கீல் பக்கமாக, நிலையை ஒட்டி இழுத்தவன் நான்தான். கதவு மூடும்போதெல்லாம் அது நசுங்கி, உள்ளே கம்பி விட்டுப் போயிருந்தது. இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும், கார்டும் ரௌட்டரும் மீண்டும் பேசி வேகத்தை முடிவு செய்யச் சில விநாடிகள் ஆகும். வீடியோ நிற்க அது போதும்.

புதிய கேட் 5இ கேபிள் வாங்கி, ஜன்னல் வழியாகக் கொண்டு வந்தேன். லிங்க் ஸ்பீட் 1000 ஆனது. திங்களன்று 40 நிமிட நேர்முகத் தேர்வு தடையின்றி நடந்தது.

புதிய மதர்போர்டுக்கு விலை விசாரிக்கும் முன், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து நேரத்தைக் குறியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.