வித்துவானுக்கும் ஒரு மேற்படிப்பு
மொன்றியலில் இசைக்கலைஞருக்கான உயர்கல்வி

"சங்கீதம் சோறு போடுமா?" என்பது எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. பிள்ளைக்கு அரங்கேற்றம் நடக்கும், மண்டபம் நிறையும், வீடியோவும் எடுக்கப்படும். அதன்பின் மிருதங்கம் உறைக்குள் போய்விடும், வயலின் அலுமாரிக்கு மேல் ஏறிவிடும். இனிப் படிப்பைப் பார் என்று பிள்ளைக்குச் சொல்லப்படும். மறுபுறத்தில், ஊரில் சங்கீதத்தையே தொழிலாகக் கொண்டிருந்த கலைஞர் சிலர் இந்த நகரத்து உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை செய்கின்றனர்.

இவ்விரு சாராரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மொன்றியலில் வாத்தியம் வாசிப்பதும் பாடுவதும் பட்டப்பின் கல்வி வரை செல்லும் துறைகளாகும். அதிலும், தேர்ச்சி பெற்று மேடையேறும் கலைஞர்களுக்கென்றே தனியான உயர் டிப்ளோமாக்கள் உள்ளன.

எங்கே இருக்கின்றன?

எமது மக்கள் பலர் வாழும் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் ஆகிய இரு பகுதிகளையும் நீலநிற மெற்றோப் பாதை இணைக்கின்றது. அந்த இரண்டுக்கும் நடுவில் எட்வார்-மொம்பெத்தி நிலையம் வரும். கோட்-டெ-நேஜிலிருந்து இரண்டாவது தரிப்பு, பார்க் நிலையத்திலிருந்து மூன்றாவது தரிப்பு. அதற்கு அருகில், மலைச்சரிவில் நிற்பதுதான் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் இசைப்பீடம். முதுமாணிப் பட்டத்துக்குப் பிந்திய உயர் தொழில்முறை டிப்ளோமா ஒன்று இங்கே வாசிப்புக்கும் பாட்டுக்கும் வழங்கப்படுகின்றது. கற்பித்தல் மொழி பிரெஞ்சு.

ஆங்கிலத்தில் கற்க விரும்புவோருக்கு சேர்புறூக் வீதியில் மக்கில் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1904இல் சங்கீதக் கல்லூரியாகத் தொடங்கிய அதன் இசைப் பிரிவு, 1920இல் தனிப் பீடமாயிற்று. 2005 முதல் அது சூலிக் இசைக்கல்லூரி என்று அழைக்கப்படுகின்றது. முதுமாணி, கலாநிதிப் பட்டங்களோடு வாசிப்புக்கான பட்டப்பின் டிப்ளோமாக்களும் அங்கே உண்டு. இவை தவிர, 1942இல் அரச சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டு வில்பிரட் பெல்த்தியேயின் தலைமையில் வளர்ந்த கியூபெக் அரசின் இசைக் கல்லூரியும் இந்நகரில் இயங்குகின்றது.

என்ன படிக்கிறார்கள்?

மேற்படிப்பு என்றதும் நூலகமும் ஆய்வுக்கட்டுரையும் எமது நினைவுக்கு வரும். இந்த டிப்ளோமாக்கள் அப்படிப்பட்டவையல்ல. மாணவர் ஓர் ஆசிரியரிடம் தனித்து அமர்ந்து வாரந்தோறும் பாடம் கேட்கிறார். நாளொன்றுக்குப் பல மணிநேரம் சாதகம் செய்கிறார். பிறரோடு சேர்ந்து வாசிக்கப் பழகுகிறார். இறுதியில் நடுவர் முன்னிலையில் முழுக் கச்சேரி செய்கிறார். அந்தக் கச்சேரிதான் அவருடைய பரீட்சை.

இதைக் கேட்கும்போது குருகுலவாசம் நினைவுக்கு வரவில்லையா? ஒருவர் ஒருவருக்குக் கையளிக்கும் அதே முறைதான் இங்கே பல்கலைக்கழக மதிலுக்குள் நடக்கின்றது.

அனுமதியும் அப்படியே. புள்ளிகள் மட்டும் போதா, வாசித்துக் காட்டவேண்டும். பெரிய இசைக்குழுக்கள் ஆள் சேர்க்கும்போது, முதற் சுற்றுகளில் கலைஞரைத் திரைக்குப் பின்னால் வைத்தே கேட்பது வட அமெரிக்காவில் பரவலான வழக்கம். அந்த நேரத்தில் பெயரும் நிறமும் நடுவருக்குத் தெரியாது, நாதம் மட்டுமே கேட்கும்.

பிள்ளைகளுக்கான படிகள்

ஐந்தாம் செக்கண்டரி முடித்த பிள்ளை சீஜெப்பில் இரண்டு வருடம் இசை படிக்கலாம். பிரெஞ்சில் வின்சென்-டிந்தி, சென்-லோரன் ஆகிய கல்லூரிகளும், ஆங்கிலத்தில் வனியே, மரியனோபொலிஸ் ஆகியவையும் இத்துறையைக் கற்பிக்கின்றன. பின்னர் இளமாணி மூன்று வருடம், முதுமாணி ஏறத்தாழ இரண்டு வருடம், அதற்குமேல் டிப்ளோமா பொதுவாக ஒரு வருடம். ஆக எட்டு வருடம். ஒரு வைத்தியர் உருவாகும் காலத்துக்கு இது அதிகம் குறைந்ததல்ல.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கர்நாடக இசையில் வயலின் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கும் இந்தப் படிகள் தாமாகத் திறக்கமாட்டா. நாம் வயலினின் தலையைக் காலில் ஊன்றி, தரையில் அமர்ந்து, சபசப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறோம். இங்கே நின்றோ கதிரையில் இருந்தோ, வேறு சுருதியில், ஐந்து கோட்டு எழுத்தைப் பார்த்து வாசிக்கவேண்டும். எனவே பிள்ளைக்கு இதில் உண்மையான நாட்டம் இருந்தால், சீஜெப்பின் வாசலில் நிற்கும் வயதுவரை காத்திராமல், சிறுவயதிலேயே மேற்கத்திய முறை ஆசிரியரிடமும் அனுப்புங்கள். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடத் தேவையில்லை. இரண்டு மொழி பேசும் பிள்ளை இரண்டு இசையும் பேசும்.

எமக்கும் இது புதிதல்ல

இசைக்குப் பட்டமா என்று வியப்போர் எமது வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும். வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை நடத்தி, கலாவித்தகர் பட்டம் வரை கொடுத்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கல்லூரி தோன்றியபோது, மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரு வித்துவான் அங்கே அதிபராக இருந்து கற்பித்தார். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சென்னையில் மியூசிக் அக்கடமியும் 2010இல், ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பாடகர்களுக்கென மூன்று வருட உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது.

கனடாவிலும் முன்னுதாரணம் உண்டு. பழனி சுப்பிரமணியபிள்ளையின் சீடரான மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் 1971இல் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஜோன் ஹிக்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து தென்னிந்திய இசைக் கல்வியை நிறுவினார். மிருதங்கத்தோடு வந்த ஒருவர் பேராசிரியரானார். 2011இல் சென்னை அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அளித்தது.

எமது கலைஞர்களுக்கு

உண்மையை மறைக்காமல் சொல்வதானால், மொன்றியலின் உயர் டிப்ளோமாக்கள் பெரும்பாலும் மேற்கத்திய இசைக்கும் ஜாஸ் இசைக்கும் உரியவை. நாதஸ்வரத்துக்கோ தவிலுக்கோ அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. ஆயினும் எல்லாக் கதவுகளும் மூடியில்லை. மக்கிலில் தப்லா கற்பிக்கப்பட்டுள்ளது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1980களிலிருந்தே பாலித்தீவின் கமலான் இசை பழகப்படுகின்றது. அங்கே இனவிசையியல் என்ற துறையில் முதுமாணியும் கலாநிதியும் செய்யலாம். அத்துறைப் பேராசிரியராக விளங்கிய மொனிக் டெரோஷ், மார்த்தினிக் தீவுக்குத் தோட்டத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழிவந்த பறை இசையையும் வழிபாட்டையும் ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்டார். எமது மேளத்தை ஓர் அறிவாக மதித்தவர்கள் இந்நகரில் இருக்கின்றனர் என்பதற்கு இது சான்று.

படிப்பு ஒத்துவராதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கியூபெக் கலை இலக்கிய மன்றம், கனடா கலை மன்றம், மொன்றியல் கலை மன்றம் ஆகியன தொழில்முறைக் கலைஞர்களுக்கு உதவிப்பணம் வழங்குகின்றன. குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ கேட்கப்படலாம், இங்கு வாழ்ந்த காலமும் பார்க்கப்படலாம். ஆகவே நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், பத்திரிகைக் குறிப்புகள், ஒலிப்பதிவுகள் எதையும் எறியாதீர்கள். நீங்கள் தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு அவையே சாட்சி.

செலவும் பத்திரங்களும்

கியூபெக் வாசியாகக் கணிக்கப்படுபவர் செலுத்தும் பல்கலைக்கழகக் கட்டணம், வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தைவிட மிகக் குறைவு. அகதியாக ஏற்கப்பட்டவர்களும் நிரந்தர வதிவாளர்களும் அரசின் மாணவர் கடனுக்கும் உதவிப்பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வழக்கு முடியாதவர்கள், பணம் கட்டுமுன் பதிவாளர் அலுவலகத்தில் தமது நிலையை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊர்ச் சான்றிதழ்களைக் கியூபெக் குடிவரவு அமைச்சிடம் கொடுத்து, இங்குள்ள கல்வியோடு ஒப்பிட்ட மதிப்பீட்டைப் பெறலாம். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்கள், தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பெறுபேற்றுப் பிரதி கேட்கவேண்டும். புரட்டாதியில் தொடங்கும் படிப்புக்கு, அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே விண்ணப்பமும் வாசித்துக் காட்டலும் நடைபெறும் என்பதையும் மறவாதீர்கள்.

பட்டம் பெற்றோர் எல்லோருக்கும் பெரிய இசைக்குழுவில் இடம் கிடைப்பதில்லை. பலர் கற்பிக்கிறார்கள், பாதி நாள் வேறு வேலையும் செய்கிறார்கள். இதைப் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லியும் பிள்ளை வயலினைக் கீழே வைக்கவில்லையானால் அதன் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

மக்கிலின் பொலக் மண்டபத்திலும் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் குளோட்-சம்பாஞ் மண்டபத்திலும் மாணவர் கச்சேரிகள் பல இலவசமாக நடைபெறுகின்றன. ஒரு மாலை குடும்பமாகப் போய்க் கேட்டுப் பாருங்கள். இரவு வேலைக்குப் போகும் எங்கள் வித்துவான்களிடம் ஒரு வேண்டுகோள்: நாளுக்கு அரை மணிநேரமாவது சாதகத்தை விடாதீர்கள். பத்திரம் தொலைந்தால் பிரதி எடுக்கலாம். கை மறந்த வித்தைக்குப் பிரதி கிடையாது.