கண்டிச் சரிவில் ஒரு முன்னோடி

இலங்கையின் நவீனக் கட்டடக் கலை என்றதும் சட்டென்று நினைவுக்கு வரும் பெயர் ஜெஃப்ரி பாவா. அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன குடும்பத்துக்காக ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார் மினெட் டி சில்வா.

அந்த வீட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், நிலம் இறங்கும் போக்கிலேயே தளங்களை அமைத்தார். கான்கிரீட்டும் கண்ணாடியும் உண்டு. கூடவே கதவுப் பலகைகளில் தும்பறை நெசவாளர்களின் பாய் வேலைப்பாடு, உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்த சுடுமண் ஓடுகள், சுவரில் ஜார்ஜ் கீட் தீட்டிய ஓவியம். இவற்றை அலங்காரமாக அவர் ஒட்டவைக்கவில்லை. நெசவாளரும் குயவரும் புதிய கட்டடத் தொழிலிலும் பிழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வட்டாரத்தில் வேரூன்றிய நவீனம் என்று 1950களிலேயே அவர் எழுதிய சிந்தனையை, மேலைநாட்டு விமர்சகர்கள் 1980களில்தான் கோட்பாடாக வகுத்தார்கள்.

1918இல் கண்டியில் பிறந்த மினெட், பம்பாயில் படித்தபோது காந்தியை விடுவிக்கக் கோரும் கூட்டத்துக்குப் போனதற்காகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு லண்டன். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர்.

என்னதான் இருந்தாலும், அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயின் தோழி என்றே தொடங்குகிறார்கள். அந்த நட்பு உண்மை. ஆனால் வட்டப்புலுவவில் அவர் செய்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கண்டிக்கு அருகே உள்ள அந்த இடத்தில் அரசு ஊழியர்களுக்காக 1950களின் இறுதியில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. குடியேறப் போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டறிந்த பின்பே மினெட் வரைபடத்தைத் தொட்டார். வெவ்வேறு இன, மதக் குடும்பங்களுக்கு ஒரே அச்சில் வார்த்த வீட்டைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருக்கான இடத்தை இந்த வேலையிலிருந்தே கணக்கிட வேண்டும்.

1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. இரண்டே ஆண்டுகளில், வசதி குன்றிய நிலையில், அவர் கண்டியில் காலமானார். அவர் கட்டியவற்றில் பல இடிக்கப்பட்டுவிட்டன. புகைப்படம், கடிதம், வரைபடம் எனச் சேர்த்துவைத்து அவரே தொகுத்த தன்வரலாறு 1998இல் வெளிவந்தது. இடிந்த வீடுகளின் அமைப்பை அறிய ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.